பாய்லர் நீர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும்? ஒரே ஒரு அறை மட்டும் சூடாகவில்லை

வடக்கறை கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீட்டில் இயற்கை எரிவாயுவில் இயங்கும் 24 கிலோவாட் கன்டென்சிங் பாய்லர் (புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை) இருக்கிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டிதான், ஆனால் இரண்டுக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. பொருத்த வந்தவர் ரேடியேட்டர் திருகை 75 டிகிரியில் வைத்துவிட்டு, இதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று குளிர்காலம் தொடவில்லை. இந்த ஆண்டுதான் பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நெருப்பு பற்றுகிறது, நான்கு நிமிடம் எரிகிறது, அணைகிறது, சற்று நேரத்தில் மறுபடியும் பற்றுகிறது. நாள் முழுக்க இதே கதை.

கன்டென்சிங் பாய்லருக்குக் குறைந்த வெப்பநிலைதான் ஏற்றது என்று படித்ததால், சென்ற வாரம் திருகை 55க்கு இறக்கினேன். எட்டு ரேடியேட்டர்களில் ஏழு இருக்கும் இடங்களில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. மாடியில் வடக்கு மூலையில் உள்ள படுக்கையறை மட்டும், வெளியே −3 டிகிரி இருந்த இரவில் 17க்கு மேல் ஏற மறுத்துவிட்டது. அங்கே எனக்கு 20 வேண்டும். கூடத்துத் தெர்மோஸ்டாட் இடையில் பாய்லரை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக அதை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தேன், ஆகவே அதன்மேல் பழி போட முடியாது.

அறையின் அளவு 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.5. இரண்டு பக்கம் வெளிச்சுவர், நடுவில் காற்றிடைவெளி விட்டு அதில் காப்பு நிரப்பியது. பழைய இரட்டைக் கண்ணாடிச் சன்னல் ஒன்று, சுமார் 2 சதுர மீட்டர். மேலே பரண், அதில் காப்பு விரித்திருக்கிறது. ரேடியேட்டர் ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் உயரம், ஒற்றைத் தகடு, பின்னால் ஒரு வரிசை மடிப்புத் தகடு.

இந்த ஓர் அறைக்காக வீடு முழுவதையும் 75க்கு ஏற்றுவதா, அல்லது ரேடியேட்டரை மாற்றுவதா? எத்தனை டிகிரி போதும் என்பதை ஊகிக்காமல் கணக்கிட வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்திருந்த மாமா, வெப்பநிலையைக் குறைத்தால் பாய்லர் இரவு பகலாக எரியும், எரிவாயுச் செலவு கூடத்தான் செய்யும் என்று அடித்துச் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

---

குழாய்க்கணக்கு எழுதுகிறார்:

75க்குத் திரும்ப வேண்டியதில்லை. கணக்கு இரண்டே படிதான். அறை எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பது முதல் படி, அதே அளவை உங்கள் ரேடியேட்டர் எந்த வெப்பநிலை நீரில் கொடுக்கும் என்பது இரண்டாவது.

முதல் படியைப் பார்ப்போம். வெளிச்சுவர் மொத்தம் 7.5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம், அதாவது 18.75 சதுர மீட்டர். சன்னலைக் கழித்தால் 16.75. காப்பு நிரப்பிய இடைவெளிச் சுவருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டர் ஒன்றில் 0.7 வாட் கசியும் என்று வைத்துக்கொண்டால், சுவரில் டிகிரிக்கு 11.7 வாட் போகிறது. பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 என்று கொண்டால் சன்னலில் 5.6. பரண் பக்கம் 14 சதுர மீட்டர், 0.3 வீதம், 4.2. பலரும் மறந்துவிடுவது காற்றுக்கசிவை. அறையின் கொள்ளளவு 35 கன மீட்டர். மணிக்கு ஒரு முறை காற்று முழுவதும் மாறுகிறது என்றால், கன மீட்டருக்கு 0.33 வீதம், டிகிரிக்கு 11.6 வாட். கூட்டினால் டிகிரிக்கு 33.1 வாட். உள்ளே 20, வெளியே −5 என்று கொண்டால் வித்தியாசம் 25 டிகிரி, இழப்பு சுமார் 830 வாட். அந்த −5 என்பதற்குப் பதிலாக உங்கள் இடத்தில் வழக்கமாக வரும் கடுங்குளிர் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரவுக்காகக் கணக்குப் போட வேண்டாம், அன்று ஒரு போர்வை கூடப் போர்த்திக்கொள்ளலாம்.

இப்போது இரண்டாவது படி. ரேடியேட்டர் பட்டியல்களில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, ஈஎன் 442 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி, 75 டிகிரியில் நீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறி, அறை 20 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அதாவது நீரின் சராசரி 70, அறையுடன் வித்தியாசம் 50 டிகிரி. (பழைய பட்டியல்களில் 90, 70, 20 என்று இருக்கும், அங்கே வித்தியாசம் 60. அதைக் கவனிக்காமல் எடுத்தால் ரேடியேட்டர் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.) நீரைக் குறைத்தால் வெப்பம் நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது. வித்தியாசத்தை 50ஆல் வகுத்து, வரும் எண்ணை 1.3ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும் பங்குதான் மிச்சம். வித்தியாசம் 40 என்றால் 75 சதவீதம், 30 என்றால் பாதிக்குச் சற்று மேல், 20 என்றால் 30 சதவீதம்தான்.

உங்கள் ஒற்றைத் தகட்டு ரேடியேட்டர் அந்த அளவில் சுமார் 1000 வாட் தரும். நமக்கு வேண்டியது 830. கணக்கைத் திருப்பிப் போட்டால் வேண்டிய வித்தியாசம் 43 டிகிரி, நீரின் சராசரி 63, அதாவது போகும்போது 68, திரும்பும்போது 58. அதே நீள உயரத்தில் இரட்டைத் தகடும் இரட்டை மடிப்பும் உள்ளது சுமார் 1700 வாட் தரும். அதை வைத்தால் வேண்டிய வித்தியாசம் 29 டிகிரிதான், போகும் நீர் 54, திரும்பும் நீர் 44. மற்ற ஏழும் 55இல் ஒழுங்காக இருக்கின்றன என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆக, இந்த ஒரு ரேடியேட்டர்தான் வீடு முழுவதையும் 68க்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

மாமாவுக்குப் பதில் இது. வீடு ஓர் ஓட்டைக் குடம். எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு ஊற்றினால் போதும், அதைச் செம்பால் ஊற்றினாலும் அகப்பையால் ஊற்றினாலும் ஒழுகுவது மாறாது. பாய்லர் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதைப் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய தீயில் எரிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 6 கிலோவாட்டில் இருபது மணி நேரமும் 24 கிலோவாட்டில் ஐந்து மணி நேரமும் ஒரே அளவுதான். மாறுவது புகைபோக்கியில் வீணாகும் பங்கு, அது குறைந்த வெப்பநிலையில் குறைகிறது.

ஆனால் உங்கள் எண்களில் ஓர் இடறல் இருக்கிறது. ரேடியேட்டரில் நீர் 55இல் நுழைந்து 45இல் வெளியேறினால், −3 டிகிரி இரவில் என் கணக்குப்படி அந்த அறை தனியாக 15.5க்கு வர வேண்டும். அதோடு பக்கத்து அறைகள், கதவு, தூங்குபவரின் உடற்சூடு எல்லாம் சேரும்போது 18ஐத் தாண்ட வேண்டும். நீங்கள் 17 என்கிறீர்கள். கடைக்குப் போகுமுன் அந்த ரேடியேட்டரின் இரு முனைக் குழாய்களிலும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள்.

---

ஈரப்புகை எழுதுகிறார்:

மேலே உள்ளவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ‘புகைபோக்கியில் வீணாகும் பங்கு’ என்பதை மட்டும் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. அந்த ஆவி மறுபடி நீராக மாறும்போது விடும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்வதுதான் கன்டென்சிங் பாய்லரின் வேலை. புகையில் இருக்கும் ஆவி நீராகத் தொடங்குவது ஏறத்தாழ 55 டிகிரியில். பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் அதைவிடச் சூடாக இருந்தால், வாங்கியது கன்டென்சிங் பாய்லர் என்பது பெட்டியின் மேல் ஒட்டிய பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் பாய்லரின் கழிவுநீர்க் குழாயைக் கழற்றி அடியில் ஓர் அளவுக் குவளையை வைத்தேன். 75இல் ஓடியபோது ஒரு மாலை முழுவதும் குவளையின் அடி நனைந்ததோடு சரி. போகும் நீரை 50க்கு இறக்கி, திரும்பும் நீர் 40இல் வந்தபோது, மீட்டரில் ஒரு கன மீட்டர் ஓடுவதற்குள் 0.7 லிட்டர் சேர்ந்துவிட்டது. அது வெறும் நீர் போலத் தெரிந்தாலும் அமிலத்தன்மை உள்ளது, துணியிலும் சிமென்டுத் தரையிலும் சிந்தவிடாதீர்கள். பார்த்து முடித்ததும் குழாயை இருந்தபடியே மாட்டிவிடுங்கள்.

55 என்பது ஏதோ கதவைத் திறப்பது போன்ற எல்லை என்று நினைக்க வேண்டாம். திரும்பும் நீர் 54இல் வந்தால் சில துளிகள்தான். அது 45, 40, 35 என்று இறங்க இறங்கத்தான் குவளை நிறையும்.

---

வார்ப்பிரும்பு எழுதுகிறார்:

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. கேட்டவருக்கு இது பொருந்தாது. உங்கள் வீட்டில் இருப்பது கன்டென்சிங் அல்லாத பழைய வார்ப்பிரும்புப் பாய்லராக இருந்தால், இங்கே சொல்வதைப் படித்துவிட்டுத் திருகை இறக்காதீர்கள். அதற்குத் திரும்பும் நீர் 55க்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் அதே அமில நீர் உள்ளே இரும்பிலும் புகைக்கூண்டிலும் படிந்து அரித்துவிடும். அங்கே ரேடியேட்டர்களுக்குக் குறைந்த வெப்பநிலை வேண்டுமானால் இடையில் கலவை வால்வு பொருத்தி, பாய்லரைச் சூடாகவே ஓடவிட வேண்டும்.

தனி வெந்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். தொட்டி நீரில் லெஜியனெல்லா கிருமி வளராமலிருக்க அதை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஆகவே தொட்டியை நிரப்பும் நேரத்துக்கு ஒரு வெப்பநிலையும் ரேடியேட்டர்களுக்கு ஒன்றும் என்று பிரித்துக் கொடுக்க உங்கள் பாய்லருக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

---

வடக்கறை எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. லேசர் வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். ரேடியேட்டரில் நுழையும் செப்புக்குழாய் 31 என்று காட்டியது, கையை வைத்தால் ஒரு நொடிக்கு மேல் தாங்கவில்லை. வெப்பமானி கெட்டுவிட்டதா என்று தெரியவில்லை. ரேடியேட்டர் தகட்டைத் தொட்டுப் பார்த்தால் மேல் விளிம்பு நல்ல சூடு, பாதிக்குக் கீழே வெதுவெதுப்புதான்.

---

குழாய்க்கணக்கு எழுதுகிறார்:

வெப்பமானி நன்றாகத்தான் இருக்கிறது. பளபளப்பான செம்பு தன் சூட்டைக் கதிராக வெளியிடுவது மிகக் குறைவு, அதனால் அந்தக் கருவி குழாயைப் பார்க்காமல், குழாயில் பிரதிபலிக்கும் சுவரைப் பார்த்துவிட்டு எண் சொல்கிறது. கறுப்பு மின்நாடாவை இரு குழாய்களிலும் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து நிமிடம் கழித்து நாடாவின் மேல் அளந்து பாருங்கள்.

மேலே சூடு, கீழே வெதுவெதுப்பு என்றால் ஐயம் நீர் ஓட்டத்தின் மேல்தான். (தலைகீழாக, மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, சாவியால் திறந்து வெளியேற்ற வேண்டும்.)

---

வடக்கறை எழுதுகிறார்:

நாடா சுற்றி அளந்தேன். நுழையும்போது 54, வெளியேறும்போது 35. கூடத்து ரேடியேட்டரில் 54, 48.

---

குழாய்க்கணக்கு எழுதுகிறார்:

விடை இதில் இருக்கிறது. 19 டிகிரி வீழ்ச்சி என்றால் அந்த ரேடியேட்டருக்குப் போதிய நீர் வரவில்லை. நீரின் சராசரி 50 என்று நான் கொண்டேன், உண்மையில் அது 44.5. அறை 17 டிகிரியில் இருக்கும்போது அப்படிப்பட்ட ரேடியேட்டர் சுமார் 460 வாட் கொடுக்கும். லிட்டர் ஒன்று ஒரு டிகிரி குளிர்ந்தால் 1.163 வாட்மணி. ஆக அதன் வழியே ஓடுவது மணிக்கு 21 லிட்டர்தான். கூடத்து ரேடியேட்டரில் வீழ்ச்சி 6 டிகிரி, அது தன் பங்குக்கு மேல் குடித்துக்கொண்டிருக்கிறது. நீர் எளிதான வழியைத்தான் தேடிப் போகும். பம்புக்குப் பக்கத்தில் இருப்பவை நிறைய எடுத்துக்கொள்ள, மாடியின் கடைசியில் இருப்பது பட்டினி கிடக்கிறது. பாய்லர் 75இல் இருந்தபோது இந்தக் குறை தெரிந்திருக்காது. சூடான நீர் எல்லாப் பிழைகளையும் மூடி மறைத்துவிடும்.

ஒவ்வொரு ரேடியேட்டரிலும் ஒரு முனையில், அறை சூடானால் தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும், இன்னொரு முனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சிறிய வால்வு இருக்கும், அதைத்தான் சரிசெய்ய வேண்டும். எல்லா அறைகளிலும் தெர்மோஸ்டாட் வால்வின் தலையை முழுவதும் திறந்துவிடுங்கள். வடக்கு அறையின் மூடி வால்வையும் முழுவதும் திறங்கள். கூடத்தில் உள்ளதை, முழுவதும் மூடிய பின் எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்று குறித்துக்கொண்டு, பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்து, வீழ்ச்சி 10 டிகிரிக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றைத் திருகினால் மற்ற ஏழும் மாறும். ஒவ்வொரு திருகலுக்கும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், அதனால் இதை ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். நான் என் வீட்டில் மூன்று வார இறுதிகள் செலவிட்டேன், அதிலும் ஒன்று, முதல் நாள் எழுதி வைத்த தாளைத் தொலைத்ததால்.

---

சிறுதீ எழுதுகிறார்:

பாய்லர் நான்கு நிமிடம் எரிந்து அணைவதை இதுவரை யாரும் தொடவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

வீட்டின் மொத்த வெப்ப இழப்பை அறை அறையாகக் கூட்டாமலே மீட்டரிலிருந்து எடுக்கலாம். ஒரு நாள் முழுவதும் சீரான குளிர் இருக்கும் நாளாகப் பார்த்து, இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் மீட்டரை இருமுறை படியுங்கள். உதாரணமாக, வெளியே சராசரி 0 டிகிரி, உள்ளே 20, எரிந்தது 12 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோவாட்மணி வீதம் 126. பாய்லரின் திறன் 90 சதவீதம் என்றால் 113. குளியலுக்கும் பாத்திரம் கழுவவும் 8 போனால் 105. இருபத்துநான்கால் வகுத்தால் 4.4 கிலோவாட், அதாவது டிகிரிக்கு 220 வாட். −5இல் அந்த வீட்டுக்கு வேண்டியது 5.5 கிலோவாட் மட்டுமே. வடக்கறை தன் மீட்டர் எண்களைப் போட்டுப் பார்க்கட்டும், இந்த அளவு வீட்டுக்கு இதைவிட வெகுதூரம் விலகாது.

பாய்லர் 24 கிலோவாட் ஏன்? குழாயைத் திறந்த நொடியில் வெந்நீர் வர வேண்டும் என்பதற்காக. ரேடியேட்டர்களுக்கு அவ்வளவு ஒருநாளும் தேவைப்படாது. இந்த வகைப் பாய்லர்கள் பலவற்றால் 5 கிலோவாட்டுக்குக் கீழே தீயைக் குறைக்க முடியாது. வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் நம் உதாரண வீட்டுக்கு 2.2 கிலோவாட் போதும். எஞ்சிய 2.8 கிலோவாட் குழாயிலும் ரேடியேட்டர்களிலும் இருக்கும் நீரைத்தான் சூடேற்றும். எல்லா ரேடியேட்டர்களும் திறந்திருந்து மொத்தம் 80 லிட்டர் சுற்றுகிறது என்றால், 5 டிகிரி ஏறப் பத்து நிமிடம் ஆகும், ஆற ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம். இது தாங்கக்கூடியதுதான். ஆனால் 75 டிகிரி நீர் ஓடும்போது அறைகள் விரைவில் சூடாகி, தெர்மோஸ்டாட் வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்கின்றன. மிஞ்சும் இரண்டு மூன்று ரேடியேட்டர்களின் நீர் மட்டும் சுற்றினால் நான்கே நிமிடத்தில் எல்லையைத் தொட்டுத் தீ அணைந்துவிடும். ஆகவே வால்வுகளைத் திறந்தே விட்டு, நீரின் வெப்பநிலையால் வீட்டைக் கட்டுப்படுத்துங்கள். வெயில் விழும் அறை, சமையலறை போன்ற இடங்களில் மட்டும் வால்வு வேலை செய்யட்டும்.

கையேட்டின் பொருத்துநருக்கான பக்கங்களில், ரேடியேட்டர் பயன்பாட்டுக்கான உச்சத் திறனைத் தனியாகக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதை 24இலிருந்து 8 அல்லது 9க்கு இறக்கலாம். வெந்நீர்த் திறன் அப்படியே இருக்கும்.

இரவில் வெப்பத்தைக் குறைப்பதைப் பற்றி இங்கே ஒரு கருத்து வேறுபாடு வரும் என்று தெரியும். இரவில் வீடு குளிர்ந்தால் இழப்பு குறைகிறது, அது உண்மை. ஆனால் மேலே போட்ட கணக்கில், கடுங்குளிரில் ரேடியேட்டர் தருவதும் அறை இழப்பதும் ஏறக்குறையச் சமம். காலையில் 16இலிருந்து 20க்கு ஏற்ற உபரித் திறன் எங்கிருந்து வரும்? அதற்காக நீரை 70க்கு ஏற்றினால், இரவில் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை காலையில் புகைபோக்கிக்குக் கொடுக்கிறீர்கள். ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு டிகிரி குறைப்பதோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். காப்பு மோசமான, நாள் முழுவதும் ஆளில்லாத வீடென்றால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

---

வடக்கறை எழுதுகிறார்:

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். வால்வுகளைச் சரிசெய்த பிறகு வடக்கு அறையில் 54இல் நுழையும் நீர் 45இல் வெளியேறுகிறது. மறுபடி −3 வந்த இரவில் அறை 18.2இல் நின்றது. ஒரு காசு செலவில்லாமல் ஒரு டிகிரிக்கு மேல் கிடைத்தது. சன்னல் சட்டத்தின் கீழே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தபோது புகை படுத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்த இடுக்கை அடைத்தேன். மேலே ஒருவர் காட்டிய 11.6 வாட்டில் பாதியை நிறுத்தினாலே −5இல் 145 வாட் மிச்சம். சன்னலையே புதிதாக மாற்றி 2.8ஐ 1.2 ஆக்கினால்கூட 80 வாட்தான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டபோது வியப்பாக இருந்தது.

பின்பு ரேடியேட்டரை மாற்றினேன். இரட்டைத் தகடு, இரட்டை மடிப்பு, அதே நீள உயரம். குழாய் மையங்களின் இடைவெளி ஒன்றாக இருந்தாலும், புதியது பருமனானதால் குழாய் சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் முன்னே வர வேண்டியிருந்தது, அதை யாரும் முன்பே சொல்லவில்லை. இப்போது −4 இரவிலும் 20 குறையவில்லை. பாய்லர் 55இல் இருக்கிறது, ஒருமுறை பற்றினால் நெடுநேரம் எரிகிறது. மாமாவிடம் மீட்டர் எண்களைக் காட்டினேன். இந்த மாதம் குளிர் குறைவு என்கிறார்.

பாய்லரில் வெளிவெப்பநிலை சென்சார் பொருத்தும் இடம் இருக்கிறது. அதை வைத்தால், வெளிக்குளிருக்கு ஏற்ப நீரின் வெப்பநிலையை மாற்றும் கோடுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

---

குழாய்க்கணக்கு எழுதுகிறார்:

மாமா சொல்வதிலும் நியாயம் உண்டு. எரிந்த அளவை, உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வெப்பநிலை வித்தியாசத்தால் நாள்தோறும் வகுத்துக் காட்டினால்தான் அவர் வாயை அடைக்க முடியும்.

ரேடியேட்டர் பருமனைப் பற்றி முன்பே சொல்லாதது என் பிழை. ஒற்றைத் தகட்டு வகை சுமார் 6 சென்டிமீட்டர், இரட்டை சுமார் 10.

சென்சாரைக் கட்டாயம் பொருத்துங்கள், வெயில் படாத வடக்குச் சுவரில், சன்னலுக்கும் புகைபோக்கிக்கும் விலகி. 55 என்பது உங்கள் கடுங்குளிர் நாளுக்கான எண், ஆண்டில் பெரும்பாலான நாட்களுக்கு அது மிகை. இழப்பு, வெளி வித்தியாசத்துக்கு நேர்விகிதம். அதே 1.3 அடுக்கைத் திருப்பிப் போட்டால், வெளியே −5இல் 54 என்று தொடங்கும் வீட்டுக்கு, +5இல் 42 அல்லது 43 போதும், +10இல் 36. அப்போது திரும்பும் நீர் 32 டிகிரியில் வரும். ஈரப்புகை சொன்ன குவளை அந்த நாட்களில்தான் நிறையும். கோடு சற்றே வளைந்தது, ஆனால் பாய்லரில் இருக்கும் ஆயத்தக் கோடுகளில் இந்த மூன்று புள்ளிகளுக்கும் அருகில் போவதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிறகு சரிசெய்வதற்கு அவசரப்படாதீர்கள், ஒரு மாற்றத்துக்கு இரண்டு நாளாவது கொடுங்கள். கடுங்குளிரில் மட்டும் அறை குறைந்தால் கோட்டின் சரிவைக் கூட்டுங்கள். இதமான நாளில் மட்டும் குறைந்து, கடுங்குளிரில் சரியாக இருந்தால், கோடு முழுவதையும் சற்று மேலே தூக்கிச் சரிவைக் குறையுங்கள். எல்லா நாளும் ஒரே அளவில் குறைந்தால் தூக்குவது மட்டும் போதும். கூடத்துத் தெர்மோஸ்டாட்டை 22இல் வைத்துவிடுங்கள், வீடு எதிர்பாராமல் மிகவும் சூடானால் மட்டும் அது குறுக்கிடட்டும்.

---

வடக்கறை எழுதுகிறார்:

சென்சாருக்கான கம்பி இழுத்துவிட்டேன். வடக்குச் சுவரில் சமையலறைக் காற்றுப்போக்கிக்கு இரண்டடி தள்ளி ஆணி அடித்திருந்தேன், உங்கள் பதிலைப் பார்த்துப் பிடுங்கிவிட்டேன். நாளை மறுமுனையில் அடிக்கிறேன்.